வற்றிய குளத்திற்கு மீன்கள் திரும்புவது எப்படி?

(பத்தாம் வகுப்பு மாணவி)



இராயபுரத்திலும் திருவொற்றியூரிலும் எண்ணூரிலும் வாழும் நமக்கு மீன் என்றவுடன் கடலும் காசிமேடும்தான் நினைவிற்கு வரும். கடல் வற்றுவதில்லை. ஆனால் ஏரியும் குளமும் வற்றிவிடும். 2019-ஆம் ஆண்டுக் கோடையை நம் பெற்றோர் மறந்திருக்க மாட்டார்கள். சென்னைக்குக் குடிநீர் தரும் புழல், சோழவரம், பூண்டி, செம்பரம்பாக்கம் ஆகிய நான்கு ஏரிகளும் வறண்டன. அவ்வாண்டு ஜூலை 12 அன்று ஜோலார்பேட்டையிலிருந்து இரயிலில் தண்ணீர் வந்து சேர்ந்தது. மனிதருக்கு இரயில் வந்தது. மீன்களின் கதி என்ன? மழை பெய்து நீர் நிறைந்தபின் மீன்கள் எங்கிருந்து வருகின்றன?

நீர் குறையும்போது அது விரைவில் சூடாகிறது. சூடான நீரில் பிராணவாயு குறைவாகவே கரையும். ஆகையால் கெண்டை வகைகள் முதலில் இறந்து மிதக்கின்றன. விரால், தேளி, பனையேறிக் கெண்டை ஆகியவையோ நீர்மட்டத்திற்கு வந்து காற்றைச் சுவாசிக்க வல்லவை. விரால் ஈரச் சேற்றில் புதைந்து பல நாள் உயிரோடிருக்கும். பனையேறிக் கெண்டை ஈரத் தரையில் ஊர்ந்து வேறு நீர்நிலை தேடும். தரங்கம்பாடியில் இம்மீன் பனைமரத்தில் ஏறியதை 1791-இல் கண்டதாக டல்டார்ஃப் என்னும் டேனிஷ் அதிகாரி எழுதியுள்ளார்.

மழைக்காலத்தில் மேல் ஏரி நிரம்பிக் கலங்கல் வழியே கீழ் ஏரிக்கு வெள்ளம் பாயும்போது மீன்களும் குஞ்சுகளும் உடன் வருகின்றன. கொசஸ்தலையாற்று நீர் தாமரைப்பாக்கம் அணையிலிருந்து சோழவரத்திற்கும், அங்கிருந்து புழலுக்கும் செல்வது இத்தகைய வழியே. ஆனால் நாற்புறமும் தெருக்கள் சூழ்ந்த கோயில் குளத்திற்கு இவ்வழி ஏது? அங்கே மனிதர்தாம் மீன் விட வேண்டும்.

மீன் வளர்ப்புக் குளங்களில் இதற்கு ஒரு முறை உண்டு. முதலாவது, வறண்ட தரையை வெடிப்பு விழும்வரை வெயிலில் காயவிட்டுச் சுண்ணாம்பு தூவுவர். இரண்டாவது, நீர் வந்தபின் சாணம் இட்டு இரண்டு வாரம் பொறுத்திருப்பர். அப்போது கண்ணுக்குத் தெரியாத நுண்ணுயிர்கள் பெருகி, நீர் இளம்பச்சையாகும். இதுவே குஞ்சுகளின் உணவு. மூன்றாவது, பிராணவாயு நிரப்பிய பைகளில் வரும் விரல் நீளக் குஞ்சுகளை உடனே கொட்டாமல், பையைக் குளத்தில் கால் மணி நேரம் மிதக்கவிடுவர். இரு நீரின் வெப்பமும் சமமானபின் குஞ்சுகள் தாமே நீந்தி வெளியேறும்.

பெரும்பாலும் கட்லா, ரோகு, மிர்கால் ஆகிய மூன்றையும் சேர்த்தே விடுகின்றனர். கட்லா மேல்மட்டத்திலும், ரோகு நடுவிலும், மிர்கால் அடியிலும் இரை தேடுவதால் ஒன்றுக்கொன்று போட்டி இல்லை. இவை ஆற்று வெள்ளத்தில் முட்டையிடுபவை. தேங்கிய குளத்தில் இனம் பெருக்குவதில்லை. ஹீராலால் சௌதுரி என்னும் விஞ்ஞானி 1957 ஜூலை 10 அன்று ஊசி மருந்தின் உதவியால் கெண்டை மீன்களை முட்டையிடச் செய்து வெற்றி கண்டார். பண்ணைகளில் குஞ்சுகள் தாராளமாகக் கிடைப்பதற்கு இதுவே காரணம். அந்த நாள் இன்று தேசிய மீன் வளர்ப்போர் தினமாகக் கொண்டாடப்படுகிறது.

எந்த மீனை விடக்கூடாது என்பது இதைவிட முக்கியம். 1952-இல் நம் நாட்டிற்கு வந்த ஜிலேபி மீன் முட்டைகளை வாயில் வைத்துக் காப்பதால் விரைவில் பெருகி, மற்ற மீன்களின் இடத்தைப் பிடித்துக்கொள்கிறது. பிற மீன்களைத் தின்று தீர்க்கும் ஆப்பிரிக்கக் கெளுத்தியை மத்திய அரசு 2000-ஆம் ஆண்டில் தடை செய்தது. கொசுப் புழுவைத் தின்பதற்காக 1928-இல் இத்தாலியிலிருந்து வந்த கம்பூசியாவும் நம் சிறு மீன்களின் முட்டைகளையும் குஞ்சுகளையும் விட்டுவைப்பதில்லை. கொளத்தூர்க் கடைகளில் ஆசையோடு வாங்கிய கண்ணாடித் தொட்டி மீன் பெரிதாகிவிட்டால், "பாவம், பிழைத்துப் போகட்டும்" என்று சிலர் குளத்தில் விட்டுவிடுகின்றனர். அவர்கள் காட்டும் இரக்கம், அக்குளத்து மீன்களுக்கு எமனாகிறது. தொட்டிச் சுவரைச் சுத்தம் செய்யும் சக்கர் மீன் குளக்கரையைக் குடைந்து வளை தோண்டும். அதன் முள் வலைகளைக் கிழிக்கும்.

ஆகவே வறட்சியிலும் ஒரு நன்மை உண்டு. தண்ணீர் நிறைந்த குளத்திலிருந்து அந்நிய மீன்களை அகற்றுவது மிகவும் கடினம்; வற்றிய குளத்திலோ எளிதில் பிடித்து அப்புறப்படுத்தலாம். அந்த வேளையைத் தவறவிட்டால் மறுபடியும் அவையே பெருகும். வறட்சி ஒரு மழையில் தீரும். தவறாக விட்ட மீனோ தலைமுறைக்கும் தீராது.

தோழியரே, தொட்டி மீனை வளர்க்க இயலாவிட்டால் வாங்கிய கடையிலேயே திருப்பிக் கொடுப்போம். நம் பகுதிக் குளம் அடுத்த முறை நிரம்பும்போது, அதில் எந்த மீன் விடப்படுகிறது என்று பெரியவர்களைக் கேட்போம். கேட்பதும் ஒரு தொண்டே!