இலையைப் பார்த்து உரம் போடலாம்!

குழந்தைக்கு ரத்தசோகையா என்று டாக்டர் கீழ் இமையை இழுத்துப் பார்ப்பாரே, அதே மாதிரி நெற்பயிருக்கும் ஒரு பார்வை உண்டு. அதற்குத் தேவை ‘இலை வண்ண அட்டை’ என்கிற ஒரு பிளாஸ்டிக் பட்டையும், நம்ம இரண்டு கண்ணும்தான்.

எங்களுக்கு ஆறு மா நிலம். சம்பாவுக்கு வெள்ளைப் பொன்னி. மூன்று வருஷம் முன்னால், பக்கத்து வயல் கருகருவென்று பச்சையாயிருக்கிறதே என்று எங்க வீட்டுக்காரர் கூட ஒரு மூட்டை யூரியாவை வீசிவிட்டார். பயிர் என்னவோ தளதளவென்றுதான் வந்தது. அப்புறம் இலைச்சுருட்டுப் புழு வந்தது. மார்கழி மழையில் கதிரோடு படுத்தும்விட்டது. அடகு வைத்த என் வளையல் அந்த வருஷம் வீடு திரும்பவில்லை.

இலையின் பச்சை, அதிலுள்ள தழைச்சத்தைக் காட்டும். அட்டையில் வெளிர்பச்சையிலிருந்து கரும்பச்சை வரை எண் போட்ட கட்டங்கள் இருக்கும். சிலதில் 4, சிலதில் 6. நட்ட 14-ம் நாளிலிருந்து பூக்கும்வரை வாரம் ஒரு தடவை பார்க்கணும். காலை 8-லிருந்து 10 மணிக்குள், அதாவது பிள்ளைகளைப் பள்ளிக்கூடம் அனுப்பிய கையோடு! அங்கொன்றும் இங்கொன்றுமாக நோயில்லாத 10 குத்துகளில், முழுசாக விரிந்த இளம் இலையின் நடுப்பகுதியை அட்டைமேல் வைத்து ஒப்பிடணும். இலையைப் பறிக்கக் கூடாது. வெயில் படாமல் நம்ம உடம்பாலேயே நிழல் கொடுக்கணும். வெள்ளைப் பொன்னிக்கு 3, மற்ற ரகங்களுக்கு 4 என்பது வேளாண்மைப் பல்கலைக்கழகக் கணக்கு. பத்தில் ஆறு இலையாவது அந்த எண்ணுக்குக் கீழே வெளுத்திருந்தால்தான் மேலுரம்.

முக்கியமாக, எல்லாத் தடவையும் ஒரே ஆள்தான் பார்க்கணும். கண்ணுக்குக் கண் பச்சை மாறுமே! எங்க வீட்டில் அந்த ஆள் நான். “பொம்பளை வந்து வயலுக்குச் சீட்டு எழுதறா” என்று மாமியார் முதலில் முணுமுணுத்தார்.

இந்த அட்டை தழைச்சத்துக்கு மட்டும்தான். துத்தநாகக் குறைவால் இலையில் துரு மாதிரிப் புள்ளி விழுந்தால் இது சொல்லாது. அதற்கு இலையைக் காயவைத்துப் பொடியாக்கிப் பரிசோதனைக்கூடத்தில்தான் பார்க்கணும்.

போன சம்பாவில் இரண்டு வாரம் தொடர்ந்து மூன்று இலைதான் வெளுப்பு. யூரியா மூட்டை பிரிக்காமலே திண்ணையில் கிடந்தது. இப்போதெல்லாம் நான் வரப்பேறி வந்ததும், காப்பியைக்கூடக் கேட்காமல், “இன்னிக்கு எத்தனை இலை?” என்றுதான் கேட்கிறார் எங்க வீட்டுக்காரர்.