சக் ஜோன்ஸ்

அமெரிக்கக் கார்ட்டூன் இயக்குநர் சக் ஜோன்ஸ் 1912 செப்டம்பர் 21 அன்று ஸ்போக்கேன் நகரில் பிறந்து, கலிபோர்னியாவில் வளர்ந்தார். தந்தை தொடங்கிய தொழில்கள் ஒவ்வொன்றாக நொடித்தன. அப்போதெல்லாம் நிறுவனப் பெயர் அச்சிட்ட தாள்கள் கட்டுக்கட்டாக மிஞ்சும். அவை பிள்ளைகளுக்குப் படம் வரையக் கிடைத்தன. தந்தையின் நட்டம் மகனுக்கு முதலானது.

லாஸ் ஏஞ்சலிஸின் ஷுனார்ட் கலைப்பள்ளியில் படித்தபின், படம் தீட்டிய செல்லுலாய்டு தாள்களைக் கழுவும் வேலையில் சேர்ந்தார். 1933-இல் வார்னர் பிரதர்ஸுக்குப் படமெடுத்த லியோன் ஷ்லெசிங்கரிடம் வந்து, 1938-இல் இயக்குநரானார்.

ரோட் ரன்னர் பறவையையும் அதைத் துரத்தும் கயோட்டி என்ற ஓநாய் இன விலங்கையும் 1949-இல் கதையாசிரியர் மைக்கேல் மால்ட்டீஸுடன் சேர்ந்து உருவாக்கினார். கயோட்டியை வீழ்த்துவது பறவையல்ல; சொந்தப் பிடிவாதமும், ஆக்மி என்ற கற்பனை நிறுவனத்திடம் வாங்கிவைக்கும் கருவிகளும்தான். பள்ளத்தில் விழுமுன் அது நம்மை ஒருகணம் பார்க்கும். ஜோன்ஸின் நகைச்சுவை வெடிகளைவிட இத்தகைய பார்வைகளில்தான் இருக்கிறது.

ஜெர்மன் இசையமைப்பாளர் வாக்னரின் இசைநாடகங்களைப் பகடி செய்து, பக்ஸ் பன்னி முயலை வைத்து 1957-இல் எடுத்த 'வாட்ஸ் ஓபரா, டாக்?' ஏழு நிமிடம்கூட ஓடாது. 1992-இல் அது அமெரிக்க தேசியத் திரைப்படப் பதிவேட்டில் இடம்பெற்றது.

பின்னர் எம்.ஜி.எம். நிறுவனத்துக்காக 'டாம் அண்ட் ஜெர்ரி' படங்களும் எடுத்தார். அவை அவரது சிறந்த படைப்புகள் அல்ல. ஒரு கோடு புள்ளியைக் காதலிக்கும் 'தி டாட் அண்ட் தி லைன்' ஆஸ்கர் வென்றது. 1996-இல் கௌரவ ஆஸ்கரும் கிடைத்தது. ஜோன்ஸ் 2002 பிப்ரவரி 22 அன்று, 89 வயதில் காலமானார்.