படகின் தளமும் அதன் போர்வையும்



மலைநாட்டில் வாழும் நமக்குப் படகைப் பற்றிய பேச்சு எதற்கு என்று உங்களிற் சிலர் எண்ணக்கூடும். கொழுந்தும் பனிமூட்டமும் நமக்கு உரியவை. படகும் துடுப்பும் கடற்கரை மக்களுக்கு உரியவை என்பதே பொதுவான எண்ணம். ஆயினும், நம் மலைகளின் இடையிலும் நீர்ப்பரப்புகள் தோன்றிப் பல காலம் ஆயிற்று. ஆளுநர் வில்லியம் கிரகரியின் காலத்தில், 1873ஆம் ஆண்டில், நுவரெலியாவில் கிரகரி வாவி அமைக்கப்பெற்றது. பொறியியலாளர் விமலசுரேந்திரா கண்ட நீர்மின் கனவு 1950இல் லக்சபானாவில் நனவாகியது. அதன் தொடர்ச்சியாக, 1965இல் கெசல்கமுவ ஓயாவை மறித்துக் காசல்ரீ அணையும், 1969இல் மஸ்கெலியா ஓயாவை மறித்து மவுசாகலை அணையும் எழுந்தன. பழைய மஸ்கெலியா நகரம் நீருள் மூழ்கியது. முன்னர் ஆற்றின் இரு கரைகளாக இருந்தவை பெரும் நீர்த்தேக்கத்தின் இரு கரைகளாயின. நீர் வந்த இடத்திற்குப் படகும் வந்து சேர்ந்தது.

அத்தகைய சிறு படகொன்றின் பழுதுபட்ட மேல்தளத்தை அகற்றிப் புதுத்தளம் அமைத்து, அதன்மேல் வினைல் விரிப்பை ஒட்டும் முறையைப் பற்றியே இன்று பேச எண்ணுகின்றேன். இது தச்சருக்கு மட்டும் உரிய செய்தி அன்று. படகில் ஏறி இறங்கும் எல்லாருக்கும் உரியது. ஏன் என்பதை முதலிற் சொல்லிவிடுகின்றேன்.

சில ஆண்டுகளுக்கு முன்னர், நீர்த்தேக்கக் கரையிலுள்ள தோட்டமொன்றிலிருந்து வரும் என் மாணாக்கன் ஒருவன் இரண்டு கிழமைகள் பாடசாலைக்கு வரவில்லை. விசாரித்தபோது, அவன் மறுகரையிலுள்ள உறவினர் இல்லத்திற்குச் சென்று திரும்புகையில், படகின் தளம் உடைந்து அவன் கால் முழங்கால்வரை உள்ளே இறங்கிவிட்டது என்று அறிந்தேன். எலும்பு முறியவில்லை, ஆனால் கிழிந்த தோலுக்குத் தையல் இட நேர்ந்தது. படகு கரையைத் தொட்டுக்கொண்டு நின்ற வேளையாதலால் அந்த அளவோடு போயிற்று. நடு நீரில் நிகழ்ந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பதை நான் விரித்துரைக்க வேண்டியதில்லை.

நான் சென்று அப்படகைப் பார்த்தேன். எனக்கு வியப்பே மேலிட்டது. தளத்தின்மேல் சாம்பல் நிற வினைல் விரிப்பு சுருக்கமின்றிப் பளபளத்துக் கிடந்தது. கால் பதிந்த இடத்திலே மட்டும் ஒரு குழி. தோட்டத்துத் தச்சர் ஒருவர் விரிப்பின் ஓரத்தைப் பெயர்த்துத் தூக்கினார். அடியிலிருந்த பலகை கைபட்ட இடமெல்லாம் கருகருவென்று உதிர்ந்தது. “ஐயா, மேலே பார்த்தா பெட்டி புதுசு, உள்ளே வெறும் தூள்” என்றார் அவர். அந்தத் தளத்தை அவர் திரும்ப அமைத்த நாட்களில் நானும் உடனிருந்து கற்றவற்றையும், பின்னர் படித்து அறிந்தவற்றையும் உங்களுக்குச் சொல்கின்றேன்.

முதலில் வினைல் என்பது யாது என்று பார்ப்போம். பண்டு படகின் தளத்திற்குத் தாரும் கீலும் பூசினர். சில இடங்களில் முரட்டுத் துணியை விரித்து அதன்மேல் வண்ணம் தீட்டினர். பின்னர், பிரடெரிக் வால்ற்றன் என்னும் ஆங்கிலேயர், ஆளிவிதை எண்ணெயையும் தக்கைத் தூளையும் கொண்டு லினோலியம் என்னும் விரிப்பைச் செய்து 1863இல் அதற்குக் காப்புரிமை பெற்றார். வினைல் அதற்குப் பின்னர் வந்தது. பொலிவைனைல் குளோரைட்டு என்னும் அதன் மூலப்பொருள் இயல்பில் விறைப்பானது; எளிதில் முறியக்கூடியது. 1926இல் அமெரிக்க அறிஞர் வால்டோ செமன், இறப்பரை உலோகத்தோடு ஒட்டுவதற்கு ஒரு பசையைத் தேடிக்கொண்டிருந்தார். அம்முயற்சியில் இப்பொருளை வளைந்து கொடுக்கும்படி மென்மையாக்கும் வழியைக் கண்டார். பசையைத் தேடியவருக்கு, பசையிட்டு ஒட்ட வேண்டிய விரிப்பு கிடைத்தது!

வினைல் நீரை உள்ளே விடாது, கழுவுவதற்கு எளியது, பாதத்திற்கும் இதமானது. ஆனால், நீரை உள்ளே விடாத பொருள் உள்ளே புகுந்த நீரை வெளியேயும் விடாது. இதனை நேயர்கள் மனத்திற் கொள்ளுதல் வேண்டும். ஓரத்திலோ, ஆணித் துளையிலோ, விரிப்பின் இணைப்பிலோ ஒரு துளி நீர் உட்புகுந்தால், அது வெயிலில் உலர வழியின்றி மரத்திலேயே தங்கிவிடுகின்றது.

மரம் உக்கிப்போவது நீரினால் என்று சொல்கின்றோம். உண்மையில் மரத்தைத் தின்பது ஒருவகைப் பூஞ்சணம். அதற்கு ஈரம், காற்று, மிதமான வெப்பம் ஆகிய மூன்றும் வேண்டும். மரத்தின் ஈரம் அதன் உலர்ந்த எடையில் நூற்றுக்கு இருபது பங்கிற்குக் கீழே இருந்தால் பூஞ்சணம் வளர்வது அரிது. அதற்கு மேலே ஏறியே இருந்தால் ஆபத்து. நீரின் அடியில் முழுதும் அமிழ்ந்து கிடக்கும் மரம் காற்று இன்மையால் நெடுங்காலம் கெடாதிருக்கும். பாதி நனைந்தும் பாதி உலர்ந்தும் மூடிக்கிடக்கும் மரமே விரைவில் அழிகின்றது. விரிப்பின் கீழுள்ள பலகையின் நிலை இதுவேயாம்.

இக்காலத்தில் படகுத் தளத்திற்குப் பெரும்பாலும் ஒட்டுப்பலகையையே பயன்படுத்துகின்றனர். அது நமக்குப் புதியதன்று. தேயிலையைப் பெட்டிகளில் அடைத்து அனுப்பிய காலத்தில், அப்பெட்டிகள் ஒட்டுப்பலகையால் ஆனவை. காலிக்கு அண்மையிலுள்ள கிந்தோட்டைத் தொழிற்சாலையிலும் அவை செய்யப்பெற்றன. பெட்டியின் உட்புறத்தில் ஈயநிறத் தாள் ஒட்டியிருந்ததைப் பெரியோர் நினைவு கொள்வர். உலர்ந்த தேயிலையில் நூற்றுக்கு மூன்று பங்கு அளவே ஈரம் இருக்கும். அந்நிலை மாறாமற் காப்பதற்கே அந்தத் தாள். தேயிலையை நன்றாக உலர்த்திய பின்னரே பெட்டியில் அடைத்தனர். ஈரத்தோடு அடைத்திருந்தால் அத்தாளே தேயிலைக்குப் பகையாகியிருக்கும். படகுத் தளத்திற்கும் இதே நியாயந்தான்.

இனி வேலைமுறைக்கு வருவோம். பழைய தளத்தை உடைத்து எறியாமல், கூடியவரை முழுமையாகக் கழற்றி எடுத்தல் வேண்டும். புதுப்பலகையை வெட்டுவதற்கு அதுவே அச்சு. கழற்றியபின் கீழேயுள்ள குறுக்குச் சட்டங்களை ஒவ்வொன்றாகக் கூரிய ஊசியாற் குத்திப் பார்த்தல் வேண்டும். ஊசி எளிதில் இறங்கும் சட்டத்தை மாற்றிவிட வேண்டும். உக்கிய சட்டத்தின்மேல் புதுத்தளம் இடுவது, கறையான் அரித்த வளையின்மேல் புதுக்கூரை வேய்வது போன்றது.

ஒட்டுப்பலகையில் வகைகள் உண்டு. வீட்டு அலுமாரிக்கு ஏற்றது படகுக்கு ஆகாது. அடுக்குகளை ஒட்டியுள்ள பசை நீரைத் தாங்குவதாக இருத்தல் வேண்டும். படகுக்கென்றே தரம் குறித்துச் செய்யப்பெறும் பலகை சிறந்தது, விலை மிகுதிதான். கடைக்காரர் சொல்லை மட்டும் நம்பாமல், ஒரு சிறு துண்டைக் கொதிநீரில் ஒரு மணி நேரம் இட்டுப் பாருங்கள். அடுக்குப் பிரிந்தால் அப்பலகையை விட்டுவிடுங்கள். மற்றொன்று: செம்புச் சேர்க்கையுள்ள மருந்து ஊட்டிய பலகையை அலுமினியப் படகில் இடலாகாது. ஈரத்தோடு சேர்ந்து அச்செம்பு அலுமினியத்தை அரித்துவிடும்.

பலகையை வெட்டும்போது விளிம்பைச் சுற்றி விரிப்பின் கனத்திற்கு இடம் விடுதல் வேண்டும். விரிப்பு விளிம்பில் மடிந்து கீழே செல்வதால் இருபுறமும் கனம் கூடும். இதனை மறந்தவர்கள், எல்லாம் ஒட்டி முடிந்தபின் மூடி பொருந்தாமல் விரிப்பின் விளிம்பை அரிந்துவிடுகின்றனர். நீர் நுழைவதும் அந்த வாயிலாகவே.

வெட்டிய பலகையைக் காற்றோட்டமான இடத்தில் நன்றாக உலர்த்துங்கள். அதன்பின் எப்பொக்சி என்னும் இருபொருட் கலவையை மேலும் கீழும் விளிம்புகளிலும் மூன்று பூச்சுப் பூசுங்கள். விளிம்பே முதன்மையானது. மரநார்களின் வாய் அங்கே திறந்திருப்பதால், உறிஞ்சுகுழல்போல் நீரை இழுக்கும். ஆணிக்குரிய துளைகளைச் சற்றுப் பெரிதாகக் குடைந்து, அவற்றை அக்கலவையால் நிரப்பி, அது இறுகியபின் நடுவே திரும்பத் துளையிடுதல் வேண்டும். அப்பொழுது திருகாணி மரத்தைத் தொடாது; நீரும் மரத்தைத் தொடாது. திருகாணிகள் துருப்பிடிக்காத உருக்கினால் ஆனவையாக இருத்தல் நன்று.

இங்கே மலைநாட்டார்க்கென்று ஒரு சிறப்புக் குறிப்பு உண்டு. நுவரெலியா கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,870 மீற்றர் உயரத்தில் உள்ளது. ஹற்றனும் மஸ்கெலியாவும் அதனிலும் தாழ்வானவையாயினும் குளிரும் மூடுபனியும் அங்கும் குறைவில்லை. குளிரில் எப்பொக்சி இறுகத் தாமதமாகும். ஈரக்காற்றில் இறுகும்போது அதன்மேல் மெழுகு போன்ற வழுவழுப்பான படலம் படர்வதுண்டு. அதன்மேல் பசை பிடிக்காது. சுத்தமான நீரால் அதனைக் கழுவித் துடைத்து, உலர்ந்தபின் உப்புத்தாளால் தேய்த்துவிட்டே மேல்வேலை தொடங்க வேண்டும். தென்மேற்குப் பருவமழை பெய்யும் மாதங்களைத் தவிர்த்து, தை முதல் பங்குனி வரையுள்ள நாட்களில், பனி விலகி வெயில் ஏறிய முற்பகலில் இவ்வேலையைச் செய்தல் உத்தமம்.

விரிப்பைத் தெரிவு செய்வதிலும் கவனம் வேண்டும். வீட்டறைக்குரிய வழுவழுப்பான விரிப்பு நனைந்தால் கால் சறுக்கும். சிலவற்றின் அடிப்புறம் நீரை உறிஞ்சும். படகிற்கு மேற்பரப்பு சொரசொரப்பாயும் அடிப்புறம் நீர் ஏறாததாயும் உள்ள விரிப்பே தகும். சுருளைப் பிரித்து வெயிலில் சில மணி நேரம் விரித்து வைத்தால் சுருக்கம் நீங்கிப் படியும். பலகையிலும் சுற்றிலும் மூன்று அங்குலம் கூடுதலாக வெட்டிக்கொள்ளுங்கள். முதலில் பசையின்றி இட்டுப் பார்த்துவிட்டு, ஒரு பாதியை மடித்துத் தூக்கி, பற்கள் உள்ள கரண்டியால் பசையைச் சமமாகப் பரப்புங்கள். விரிப்பை மெல்ல இறக்கி, நடுவிலிருந்து ஓரம் நோக்கி உருளையால் அழுத்தினால் காற்று வெளியேறும். பின்னர் மறு பாதி. பசை எதுவாயினும், அது வினைலுக்கும் ஈரத்திற்கும் ஏற்றதென்று அதன் கொள்கலத்திலே குறித்திருத்தல் வேண்டும்.

ஒரு நாள் கழித்துப் பலகையைக் கவிழ்த்து, மிகுதியை விளிம்பில் இறுக்கி மடித்துக் கீழே ஒட்டுங்கள். மூலைகளில் முக்கோணமாக ஒரு துண்டை வெட்டி எடுத்தால் மடிப்புத் தடிக்காது. தளத்தைச் சட்டத்தில் பொருத்துகையில், விரிப்பைத் துளைக்கும் ஒவ்வொரு திருகாணியின் அடியிலும் நீர்த்தடுப்புப் பசை இட மறவாதீர்கள். துளைகள் எவ்வளவு குறைகின்றனவோ அவ்வளவும் நலம்.

வேலை முடிந்தபின்னும் கவனிப்பு உண்டு. மழைநீர் தங்காதபடி வடிகால் துளைகளைத் துப்புரவாக வைத்தல் வேண்டும். படகு கரையில் நிற்கும் நாட்களில் தள மூடிகளைத் திறந்து, கீழே காற்று உலவவிட வேண்டும். இறப்பர் அடிப்புறமுள்ள கால்விரிப்பை வினைலின்மேல் போட்டு வைத்தால் நீங்காத கறை படியும். ஆண்டுக்கு ஒருமுறையேனும் தளத்தைக் குதிகாலால் மெல்லத் தட்டி வாருங்கள். திடமான மரம் கணீரென்று ஒலிக்கும். மெத்தென்று அமுங்கும் இடம் தென்பட்டால் அன்றே விரிப்பைத் தூக்கிப் பாருங்கள்.

இவ்வாறு புதுக்கிய அப்படகின் தளம் முன்னையதைக் காட்டிலும் அழகாயிருந்ததென்று சொல்ல முடியாது. உண்மையைச் சொன்னால், தச்சர் ஒட்டிய விரிப்பில் ஓரிரு சுருக்கங்கள் இருந்தன. படகுக்காரர் அதைக் கண்டு முகம் சுளித்தார். தச்சரோ, எட்டு நாள் உலர்த்திப் பூசிய பலகையைப் பற்றி ஒரு சொல்லும் கேட்கவில்லையே என்று என்னிடம் குறைபட்டார். அவர் குறை நியாயமானது. காணக்கூடிய விரிப்பை ஒட்ட ஒரு முற்பகல் போதும். காணமுடியாத பலகைக்கே எட்டு நாட்கள் வேண்டியிருந்தன. முன்னைய தளத்தை அமைத்தவர் சுருக்கிக்கொண்டது அந்த எட்டு நாட்களையே.

என் மாணாக்கன் மீண்டும் அப்படகில் ஏறுகின்றான். ஏறும்போதெல்லாம் குதிகாலால் ஒருமுறை தட்டிப் பார்த்துவிட்டே உள்ளே அடியெடுத்து வைக்கின்றான் என்று அவன் தாயார் சொன்னார். நேயர்களே, நீங்களும் அடுத்த முறை படகொன்றில் ஏறும்போது அவ்வாறே செய்து பாருங்கள்.