நாலு மாத்திரையும் ஒரு மூடி ஜெலுசிலும்

ஐப்பசி மழை இறங்கிவிட்டால் மரக்காணம் உப்பளங்களில் வேலை நின்றுவிடும். பாத்தியெல்லாம் தண்ணீர், மழை ஓய்ந்து, வரப்பு கட்டி, மறுபடி உப்பு வார மாதக்கணக்காகும். அந்த இடைவெளியில் கிழக்குக் கடற்கரைச் சாலையில் பஸ் ஏறி, சென்னைப் பக்கம் கட்டட வேலைக்குப் போகிறவர்கள் உண்டு. தமிழ்நாட்டில் மலேரியா கணக்கில் நெடுங்காலமாக முன்னால் நிற்கும் ஊர் சென்னைதான். கிணறு, மாடித் தொட்டி, கட்டுமான இடத்தில் தேங்கும் நல்ல தண்ணீர் இவற்றில் முட்டையிடும் அனோபிலஸ் ஸ்டீபன்சி கொசுவின் வேலை அது. உப்பு படியும் பாத்தியின் கடும் கரிப்பில் அந்தக் கொசுப்புழு பிழைக்காது. உப்பளத்தின் மேல் பழி போட வேண்டாம்.

குளிர்காய்ச்சலோடு ஊர் திரும்புகிறவருக்கு ஆரம்ப சுகாதார நிலையத்தில் விரலைக் குத்தி ரத்தம் பார்ப்பார்கள். ‘வைவாக்ஸ்’ வகை மலேரியா என்று தெரிந்தால் கையில் வருவது குளோரோகுயின். உடல் எடைக்கு ஏற்ப அளவு மாறும். 60 கிலோ உள்ள பெரியவருக்கு முதல் நாள் நாலு மாத்திரை, இரண்டாம் நாள் நாலு, மூன்றாம் நாள் இரண்டு. நாலையும் ஒரே வேளையில் விழுங்க வேண்டும். கசப்பு என்றால் அப்படி ஒரு கசப்பு. சற்று நேரத்தில் வயிறு புரட்டும், நெஞ்சு எரியும்.

இங்கேதான் சிக்கல் தொடங்குகிறது. விடியும் முன் வெறும் வயிற்றில் டீயைக் குடித்துவிட்டுப் பாத்தியில் இறங்குகிறவர்களுக்கு நெஞ்செரிச்சல் புதிதல்ல. வீட்டில் ஜெலுசிலோ டைஜீனோ இருக்கும். மாத்திரை போட்ட கையோடு அதில் ஒரு மூடி ஊற்றிக் குடிப்பார்கள். எரிச்சல் அடங்கும். மருந்தில் ஒரு பங்கும் அதோடு போகும்.

இந்த அமிலமுறி மருந்துகளில் இருப்பவை அலுமினியம், மக்னீசிய உப்புகள். வயிற்றிலும் குடலிலும் இவை மிக நுண்ணிய துகள்களாகப் பரவி நிற்கும். குளோரோகுயின் அந்தத் துகள்களின் மேல் போய் ஒட்டிக்கொள்ளும், உப்பளச் சேறு காலில் அப்பிக்கொள்வதுபோல. ஒட்டிய மருந்து குடல் சுவரைத் தாண்டி ரத்தத்தில் சேராது, மலத்தோடு வெளியேறிவிடும். 1982-இல் வெளியான ஓர் ஆய்வில், குளோரோகுயினோடு மக்னீசியம் டிரைசிலிகேட் சேர்த்துக் கொடுத்தபோது ரத்தத்தில் சேர்ந்த மருந்து சுமார் 18 விழுக்காடு குறைந்தது. வயிற்றுப்போக்குக்குக் கொடுக்கும் கயோலின் களிமண்ணோடு கொடுத்தபோது சுமார் 29 விழுக்காடு குறைந்தது. ஒரு வேளை இப்படி ஆனதால் மட்டும் காய்ச்சல் திரும்பிவிடும் என்று சொல்ல முடியாது. ஆனால் குளோரோகுயின் மூன்றே நாள் வைத்தியம். மூன்று நாளும் அளவு குறைந்தால் கிருமிக்குத்தான் லாபம்.

ஆகவே குளோரோகுயினுக்கும் இந்த மருந்துகளுக்கும் நடுவே குறைந்தது நாலு மணி நேரம் இருக்க வேண்டும். முன்னாலும் சரி, பின்னாலும் சரி. காலை எட்டு மணிக்கு மாத்திரை என்றால் ஜெலுசில் பன்னிரண்டுக்கு மேல்தான். எரிச்சலைத் தவிர்க்க இதைவிட நல்ல வழி, சாப்பிட்ட பிறகு மாத்திரை போடுவது. இட்லியோ கஞ்சியோ வயிற்றில் இருந்தால் புரட்டல் குறையும், மருந்தும் நன்றாகச் சேரும். வெறும் வயிற்றில் தொடங்கக் கூடாது என்றுதான் தேசிய மலேரியா சிகிச்சை வழிகாட்டியும் சொல்கிறது. அரை மணிக்குள் வாந்தி எடுத்தால் அந்த வேளை மருந்தைத் திரும்பக் கொடுக்க வேண்டும் என்பதும் அதில் உண்டு, நர்ஸிடம் சொல்லிவிடுங்கள்.

அடுத்தது மெடிக்கல் ஷாப்பில் ‘கேஸ் மாத்திரை’ என்று கேட்டால் கிடைக்கும் பான்டோபிரசோல். அதில் குளோரோகுயின் ஒட்டிக்கொள்ளும் உலோக உப்பு கிடையாது. ஆனால் பான்-டி என்று விற்பதில் டோம்பெரிடோனும் சேர்ந்திருக்கிறது. குளோரோகுயின், டோம்பெரிடோன் இரண்டுமே இதயத் துடிப்பின் மின் ஒழுங்கைக் கலைக்கக்கூடியவை. இதய நோய் உள்ளவர்களும் வாந்தி, பேதியால் உடல் வற்றியவர்களும் இரண்டையும் தாமாகச் சேர்த்துப் போடக் கூடாது. சிமெடிடின் என்ற பழைய மாத்திரை வேறு விதம்: குளோரோகுயின் உடலைவிட்டு வெளியேறுவதைத் தாமதப்படுத்தி, தேங்க வைக்கும். மலேரியா வராமல் தடுக்கக் கொடுக்கும் டாக்சிசைக்ளினை அலுமினியம், மக்னீசியத்தோடு கால்சியமும் கட்டிப்போடும். பாலோடும் அதை விழுங்க வேண்டாம்.

வைவாக்ஸ் காய்ச்சல் சில மாதம் கழித்துத் திரும்பினால் எல்லாப் பழியையும் ஜெலுசில் மேல் போட முடியாது. அந்தக் கிருமி ஈரலில் உறங்கிக் கிடந்து மறுபடி எழும். அதை அழிக்கத்தான் பிரைமாகுயின் 14 நாள். காய்ச்சல் விட்டதும் நாலாம் நாளே அட்டையைப் பரணில் போடுகிற பழக்கம், என் கணக்கில், ஒரு மூடி ஜெலுசிலைவிடப் பெரிய தப்பு. பிரைமாகுயினையும் சாப்பிட்ட பின்பே போட வேண்டும். கர்ப்பிணிகளுக்கு அது ஆகாது. சிறுநீர் கறுத்துப் போனால் நிறுத்திவிட்டு உடனே மருத்துவரிடம் போக வேண்டும்.

மலேரியாவே வராதவர்களுக்கும் இதில் சேதி உண்டு. மூட்டுவாதத்துக்குத் தினமும் போடும் ஹைட்ராக்சிகுளோரோகுயின் இதே குடும்பத்து மருந்து; அதற்கும் இதே நாலு மணி நேரக் கணக்குதான். மலேரியா குறைந்துவரும் இந்நாளில் இந்தச் சிக்கலில் மாட்டுகிறவர்கள் பெரும்பாலும் மூட்டுவலிக்காரர்கள்தான் என்பேன்.

காய்ச்சலுக்குப் போகும்போது வீட்டில் இருக்கும் கேஸ் மருந்து பாட்டிலையும் அட்டையையும் பையில் போட்டுக்கொண்டு போய் டாக்டரிடம் காட்டுங்கள். கடைசியாக எந்த ஊரில் வேலை பார்த்தீர்கள் என்பதையும் சேர்த்தே சொல்லுங்கள்.