இரண்டு தெரு தாண்டாத சேதி

2021 டிசம்பர் வெள்ளத்தில், ஷா ஆலம் தாமான் ஸ்ரீ மூடாவில் என் அக்கா வீட்டின் கீழ்த்தளம் மூழ்கியது. பிள்ளைகளோடு மாடியில் இருந்த அக்காவுக்கு இரவு முழுக்கக் கைப்பேசி இணைப்பு இல்லை. அத்தான் இரண்டு தெரு தள்ளி நண்பர் வீட்டில் மாட்டிக்கொண்டார். நடுவில் எத்தனை வீடுகள், எத்தனை கைப்பேசிகள்! ஆனாலும் ‘நலமாக இருக்கிறேன்’ என்ற ஒரு சேதி அந்த இரண்டு தெருவைத் தாண்டவில்லை.

கணினித் துறையில் இருக்கும் எனக்கு அது இன்றும் உறுத்துகிறது. கோபுரமே இல்லாமல் ஒரு கருவி அடுத்த கருவிக்குச் சேதியைக் கைமாற்றும் வலையமைப்பைப் பற்றிப் படித்திருக்கிறேன். யார் வழியாக அனுப்புவது என்று கண்டுபிடிக்க ஆகும் தாமதம் அதில் ஒரு பெரிய சிக்கல்.

2003-இல் வெளியான ‘ஏஓடிவி’ விதிமுறை, தேவை வரும்போதுதான் வழி தேடும். “அத்தானைத் தெரியுமா?” என்று பக்கத்து வீட்டில் கேட்க, அவர்கள் அடுத்த வீட்டில் கேட்பது போல. பதில், கேள்வி வந்த வழியே திரும்பும். ஊர் முழுக்க ஒரேயடியாகக் கேட்டால் நெரிசல், பேட்டரியும் தீரும். அதனால் முதலில் 1 கருவித் தூரம், பிறகு 3, 5, 7, கடைசியில்தான் எல்லாரிடமும். விதிமுறையின் வழக்கமான அளவுகளின்படி, 7 வரை காத்திருந்து ஏமாறவே 1.92 விநாடி போய்விடும். நடுவில் ஒருவர் நகர்ந்துவிட்டால் மறுபடியும் தேடல்.

தாமதத்தைக் குறைக்கும் வழிகளும் அதிலேயே உண்டு. போனமுறை அத்தான் 4 கருவித் தூரத்தில் இருந்தாரா? 1-இல் தொடங்காமல் 6-இல் தொடங்கலாம். நடுவில் இருப்பவருக்கு வழி தெரிந்தால் அவரே பதில் சொல்லலாம். வழி அறுந்தால், அறுந்த இடத்திலேயே ஒட்டுப் போடலாம். பழைய தகவல் ஏமாற்றிவிடாமல் இருக்க, எது புதியது என்று காட்டும் வரிசை எண்ணும் உண்டு.

நம் கைப்பேசிகள் தனிச் செயலி இல்லாமல் இப்படிக் கைமாற்றுவதில்லை. மறுநாள் படகில் அத்தான் வந்த பிறகுதான் அக்கா அழுதார்.

இப்போது மழைக்காலம் வந்தால், அக்கா வீட்டுக் குளிர்பெட்டிக் கதவில் ஒரு தாள் இருக்கும். யார் எங்கே போயிருக்கிறார், முதலில் எந்த வீட்டில் விசாரிக்க வேண்டும் என்று தேதியோடு எழுதியிருக்கும். தேடலை எங்கே தொடங்குவது என்று தெரிந்தாலே பாதிக் காத்திருப்பு குறையும்.