சிறார் எழுதும் சிறுகதைகள்

சில ஆண்டுகளுக்கு முன், கோடை விடுமுறையில், நம் பங்கின் சிறார்க்குச் சிறுகதைப் போட்டி ஒன்று வைத்தோம். 'நேர்மையே உயர்வு தரும்' என்பது தலைப்பு. முப்பதுக்கு மேற்பட்ட கதைகள் வந்தன. பெரும்பாலான கதைகளில் ஒரு சிறுவன் தெருவில் பணப்பையைக் கண்டெடுத்தான், உரியவரிடம் ஒப்படைத்தான், தலைமை ஆசிரியரின் பாராட்டைப் பெற்றான். பெயர்கள் மட்டுமே மாறியிருந்தன.

ஒரு கதை மட்டும் தனித்து நின்றது. மீன் கூடையுடன் சென்ற தாய் திரும்பும்வரை விளக்கேற்றாமல் வாசற்படியில் அமர்ந்திருக்கும் சிறுவன் ஒருவனைப் பற்றியது அது. தெருமுனையில் தந்தையின் மிதிவண்டி ஓசை கேட்டதும் அவன் எழுந்து உள்ளே ஓடி, அரிவாள்மணையை எடுத்துப் பானைக்குப் பின்னே மறைத்து வைக்கிறான். கதை அத்துடன் முடிந்திருந்தது. "நீதி எங்கே? முடிவு எங்கே?" என்று சிவப்பு மையால் எழுதித் திருப்பிக் கொடுத்தோம். முதற்பரிசு ஒரு பணப்பைக் கதைக்குச் சென்றது.

ஓராண்டு கழித்து, அச்சிறுவனின் தாய் தலையில் காயக்கட்டுடன் நம் இல்லத்து வாசலில் நின்றபோதுதான், அவன் நமக்கு எழுதியிருந்தது என்னவென்று புரிந்தது. அவன் சொல்லியிருந்தான், நாம் கேட்கவில்லை. அன்புள்ள பெற்றோரே, இக்கட்டுரையை நாம் எழுதத் தூண்டியது அந்தச் சிவப்பு மைதான்.

சிறார்க்குக் கதை எழுதக் கற்பிப்பது எப்படி? இத்தாலியில் ஜான்னி ரோதாரி என்னும் எழுத்தாளர் இக்கேள்வியை ஆழ்ந்து சிந்தித்தார். 1920-இல் பிறந்து 1980-இல் மறைந்த இவர், இளமையில் பள்ளி ஆசிரியராகப் பணியாற்றியவர். குழந்தை இலக்கியத்திற்கான ஆண்டர்சன் விருதை 1970-இல் பெற்றவர். 1972 மார்ச் மாதத்தில் ரெஜ்ஜோ எமிலியா நகரில் ஆசிரியர்களோடு அமர்ந்து, கதை புனையும் வழிகளைப் பற்றி உரையாடினார். அதன் பயனாக, 'கற்பனையின் இலக்கணம்' எனப் பொருள்படும் நூல் 1973-இல் வெளிவந்தது.

அவர் கூறும் வழிகளுள் ஒன்று மிக எளியது. ஒரு மாணவன் கரும்பலகையின் முன்புறத்தில் ஒரு சொல்லை எழுத வேண்டும். மற்றொருவன் அதைக் காணாமல் பின்புறத்தில் வேறொரு சொல்லை எழுத வேண்டும். ரோதாரி காட்டும் எடுத்துக்காட்டு: நாய், அலமாரி. இவ்விரண்டையும் இணைக்கும்போது கதை பிறக்கிறது. 'குதிரை, நாய்' என்றால் இரண்டும் நாற்கால் விலங்குகள். மனம் சோம்பிக் கிடக்கும். தொலைவிலுள்ள இரு சொற்களைச் சேர்க்க முயலும்போதுதான் கற்பனை விழித்தெழுகிறது.

நம் தமிழ் இதற்கு எத்துணை வசதியான மொழி! ஐ, ஆல், கு, இன், அது, கண் என்று நம் பிள்ளைகள் வேற்றுமை உருபுகளைத் தேர்வுக்காக மனப்பாடம் செய்கின்றனர். அவற்றையே கதைக்குத் திறவுகோலாகத் தரலாமே! நாயின் அலமாரி, அலமாரிக்குள் நாய், நாய்க்கு வந்த அலமாரி. உருபு மாறும்தோறும் கதையும் மாறுவதைச் சிறார் கண்டு வியப்பர்.

நாமும் முயன்று பார்த்தோம். அடுத்த கோடையில் தலைப்பு எதுவும் தரவில்லை. 'குடை, கிணறு' என்னும் இரு சொற்களை மட்டும் தந்தோம். ஐந்தாம் வகுப்புச் சிறுமி ஒருத்தி, தாத்தாவின் குடை கிணற்றில் விழுந்துவிட்டதாகவும், அன்றுமுதல் எவ்வளவு மழை பெய்தாலும் அந்தக் கிணறு மட்டும் நனைவதில்லை என்றும் எழுதினாள். "அப்புறம்?" என்று கேட்டோம். சிறிது நேரம் எண்ணிப் பார்த்து, "குடையை யாரும் எடுக்கவில்லை, சுவாமி. தாத்தா வந்து கேட்டால் கொடுக்க வேண்டுமே" என்றாள். அவளுடைய தாத்தா அவ்வாண்டு தவக்காலத்தில்தான் இறந்திருந்தார்.

எழுதத் தொடங்கிய பின் சில சிறு விதிகள் உதவும். சிறுகதைக்கு ஒரு மனிதர் போதும். அவருக்கு ஒரு விருப்பம், அதற்கு ஒரு தடை, ஒரு நாள் பொழுது போதும். 'அவன் மிகவும் வருந்தினான்' என்று பிள்ளை எழுதினால், "வருந்தியபோது அவன் கைகள் என்ன செய்தன?" என்று கேளுங்கள். 'ஓர் அழகிய ஊர்' என்று எழுதினால், "அவ்வூரில் காலையில் முதலில் கேட்கும் ஓசை எது?" என்று கேளுங்கள். விடை பிள்ளையிடமே இருக்கும். ரகர றகரப் பிழைகளையும் ணகர னகரப் பிழைகளையும் கடைசியில் திருத்தலாம். கதையை முதலில் அவர்கள் வாயாலேயே படிக்கச் செய்து, முழுவதும் கேட்க வேண்டும்.

"நீதி வேண்டாமா, சுவாமி?" என்று சில பெற்றோர் வினவுவர். ஊதாரி மகன் உவமையை நினைத்துப் பாருங்கள். தந்தை வெளியே வந்து மூத்த மகனைக் கெஞ்சி அழைக்கிறார். அவன் விருந்துக்குள் நுழைந்தானா? லூக்கா நற்செய்தி சொல்லவில்லை. கதை வாசலிலேயே நின்றுவிடுகிறது. உள்ளே செல்வதா என்று முடிவு செய்யும் பொறுப்பு கேட்பவர்க்கு விடப்படுகிறது. ஆண்டவர் சொன்ன கதையே இவ்வாறு நிற்குமானால், பத்து வயதுப் பிள்ளையின் கதைக்கு நாம் ஏன் அவசரமாக ஒரு நீதியைக் கட்டிவிட வேண்டும்?

இன்னொன்றையும் பெற்றோர் மனத்தில் கொள்ள வேண்டும். பிள்ளை எழுதுவதெல்லாம் நடந்ததென்று எண்ணி விசாரணை நடத்தாதீர்கள், "வீட்டுச் சங்கதியை ஏன் எழுதினாய்?" என்று அடிக்கவும் செய்யாதீர்கள். ஒரு முறை அடித்தால், அதன்பின் அக்குழந்தை பணப்பைக் கதைகளை மட்டுமே எழுதும். ஆனால், கதைக்குள் மெய்யான அச்சம் ஒளிந்திருப்பதாகத் தோன்றினால், தனிமையில், அன்போடு, பொறுமையாகக் கேளுங்கள். குழந்தைக்கு ஆபத்து எனத் தெரிந்தால் காலம் தாழ்த்தாது உதவி நாடுங்கள். 1098 என்னும் சிறார் உதவி எண் அதற்கென்றே உள்ளது.

இந்த ஞாயிறு மாலை, குடும்பச் செபம் முடிந்ததும், தொலைக்காட்சியைச் சற்று நிறுத்தி வையுங்கள். பிள்ளைகளுக்கு ஒரு தாளும் இரு சொற்களும் கொடுங்கள். நீங்களும் ஒரு தாளை எடுத்துக்கொண்டு அவர்களோடு அமர்ந்து எழுதுங்கள். அவர்கள் படிக்கும்போது குறுக்கே பேசாதீர்கள். படித்து முடித்ததும், "அப்புறம்?" என்று மட்டும் கேளுங்கள். நாம் அன்று அச்சிறுவனிடம் கேட்கத் தவறிய சொல் அதுவே.