ஆக்ஸிலரேட்டரை மிதித்தால் ‘மிஸ்ஸிங்’... பழைய பிக்அப்பில் கோளாறைக் கண்டுபிடிப்பது எப்படி?

சமதளத்தில் வண்டி நன்றாகத்தான் போகும். லோடு ஏற்றிக்கொண்டு பாலம் ஏறும்போதோ, பஸ்ஸை ஓவர்டேக் செய்ய ஆக்ஸிலரேட்டரை மிதிக்கும்போதோ இன்ஜின் ‘டப்... டப்’ என்று விட்டுவிட்டு அடிக்கும். வண்டி குலுங்கும், இழுவை இருக்காது. “அண்ணே, மிஸ்ஸிங் அடிக்குது, என்னன்னு பாருங்க” என்று பட்டறையில் விட்டால், முதல் நாள் பிளக் மாற்றுவார்கள். மறுநாள் காயில், அடுத்த வாரம் பெட்ரோல் பம்ப். பில் ஏறிக்கொண்டே போகும், மிஸ்ஸிங் மட்டும் அப்படியே இருக்கும்.

வாடகைக்கு ஓடும் பிக்அப் ஒரு நாள் நின்றால் ஒரு நாள் வருமானம் போச்சு. அதனால் பாகங்களை மாற்றுவதற்கு முன், கோளாறு எங்கே இருக்கிறது என்று வரிசையாகத் தேடுவதே லாபம்.

மிஸ்ஸிங் என்றால் என்ன?

4 சிலிண்டர் இன்ஜின் நிமிடத்துக்கு 3,000 சுற்று ஓடும்போது, ஒவ்வொரு சிலிண்டரிலும் விநாடிக்கு 25 முறை எரிபொருள் பற்றி எரிய வேண்டும். நான்கையும் சேர்த்தால் 100 முறை. இதில் ஒரு சிலிண்டர் அவ்வப்போது எரியாமல் போனால், மற்ற மூன்றும் அதையும் சேர்த்து இழுக்க வேண்டியிருக்கிறது. அதுதான் குலுக்கல்.

எரிவதற்குக் காற்று, எரிபொருள், அழுத்தம் மூன்றும் வேண்டும். பெட்ரோல், சிஎன்ஜி வண்டியில் கூடுதலாகத் தீப்பொறியும் வேண்டும். மிஸ்ஸிங் எதுவானாலும் இந்த நான்கில் ஒன்றில்தான் காரணம் இருக்கும்.

மிதிக்கும்போது மட்டும் ஏன்?

ஆக்ஸிலரேட்டரை மிதித்தால் சிலிண்டருக்குள் காற்று அதிகம் நுழைகிறது, அழுத்தம் ஏறுகிறது. அழுத்தம் ஏற ஏற, பிளக்கின் இடைவெளியைத் தீப்பொறி தாண்டுவதற்கு அதிக வோல்டேஜ் தேவை. பலவீனமான காயில் ஐடிலில் சமாளித்துவிடும், லோடில் தோற்றுவிடும். பிளக் பீங்கானில் விரிசலோ, ஒயரில் வெடிப்போ இருந்தால், மின்சாரம் பிளக்கைத் தாண்டுவதைவிட அந்த விரிசல் வழியாக ஓடுவதே சுலபம் என்று அங்கே போய்விடும்.

எரிபொருளிலும் இதே கதைதான். பாதி அடைத்த ஃபில்டர் ஐடிலுக்குப் போதுமான பெட்ரோலை விடும். முழு லோடில் கேட்கும் அளவை அதனால் விட முடியாது. ஆகவே லோடில் மட்டும் மிஸ்ஸிங் என்றால் முதல் சந்தேகம் தீப்பொறி, அடுத்தது எரிபொருள். மாறாக, ஐடிலில் குலுங்கி, மிதித்தால் சரியாகிறது என்றால் காற்றுக் குழாயில் எங்கோ கசிவு இருக்க வாய்ப்பு அதிகம்.

ஸ்பேனரை எடுக்கும் முன் கவனிக்க வேண்டியவை

* இன்ஜின் சத்தம் ஏறுகிறது, வண்டி வேகம் ஏறவில்லை; ஆனால் குலுக்கல் இல்லை. இது மிஸ்ஸிங் அல்ல, கிளட்ச் நழுவுகிறது.
* மழையிலும் அதிகாலை ஈரத்திலும் மட்டும் வருகிறது. ஒயர், காயில் இன்சுலேஷனைப் பாருங்கள்.
* இன்ஜின் சூடான பிறகுதான் வருகிறது. காயில் அல்லது வால்வு கிளியரன்ஸ் சந்தேகத்துக்குரியது.
* சிஎன்ஜியில் மட்டும் வருகிறது, பெட்ரோலில் இல்லை. சிஎன்ஜிக்குத் தீப்பொறி வோல்டேஜ் அதிகம் தேவை என்பதால், தேய்ந்த பிளக் அங்கேதான் முதலில் காட்டிக்கொடுக்கும். பிறகு கேஸ் ஃபில்டரைப் பாருங்கள்.
* புதிதாக எரிபொருள் நிரப்பியதிலிருந்து வருகிறது. டேங்கில் தண்ணீர் கலந்திருக்கலாம்.

பெட்ரோல், சிஎன்ஜி வண்டி: செலவில்லாததில் இருந்து தொடங்குங்கள்

முதலில் ஸ்கேனர். பிஎஸ்4 விதி 2017 ஏப்ரலில் நாடு முழுவதும் வந்தது. அதற்குப் பிந்தைய வண்டிகளில் ஸ்டீயரிங்குக்குக் கீழே ஸ்கேனர் சொருகும் இடம் இருக்கும். பி0301 என்று வந்தால் முதல் சிலிண்டரில் மிஸ்ஸிங், பி0302 என்றால் இரண்டாவதில். பி0300 என்றால் ஒரே சிலிண்டரில் இல்லை, மாறி மாறி வருகிறது என்று அர்த்தம்.

இங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள். ‘பி0302’ என்பது எந்த சிலிண்டர் என்றுதான் சொல்கிறது. எந்தப் பாகம் என்று சொல்லவில்லை. “ஸ்கேனர்லயே காயில்னு வந்துடுச்சு” என்று யாராவது சொன்னால், கோடு என்ன என்று கேட்டுக் குறித்துக்கொள்வது நல்லது.

அடுத்து இடம் மாற்றிப் பார்க்கும் சோதனை. ஒவ்வொரு சிலிண்டருக்கும் தனிக் காயில் உள்ள வண்டியில், இன்ஜினை நிறுத்திவிட்டு 2-வது சிலிண்டரின் காயிலை 3-வதிலும், 3-வதின் காயிலை 2-வதிலும் போடுங்கள். பழைய கோடை அழித்துவிட்டு, அதே லோடில் அதே மேட்டில் ஓட்டிப் பாருங்கள். இப்போது பி0303 வந்தால் குற்றவாளி காயில்தான். மீண்டும் பி0302-வே வந்தால் காயில் நிரபராதி. அடுத்து பிளக்கையும், பிறகு இன்ஜெக்டரையும் இதே போல மாற்றிப் பார்க்கலாம். இந்தச் சோதனைக்குப் பாகச் செலவு ஒரு ரூபாய்கூட இல்லை.

பிளக்கை இன்ஜின் ஆறிய பிறகு கழற்றி, முனையின் நிறத்தைப் பாருங்கள். வெளிர் பழுப்பு என்றால் நல்ல எரிப்பு. உலர்ந்த கரி படிந்திருந்தால் பெட்ரோல் அதிகம் போகிறது அல்லது தீப்பொறி பலவீனம். எண்ணெய்ப் பிசுக்கு இருந்தால் சிலிண்டருக்குள் ஆயில் இறங்குகிறது. வெள்ளையாக வெந்திருந்தால் எரிபொருள் குறைவு அல்லது அதிக சூடு. பீங்கானில் மேலிருந்து கீழாக மெல்லிய கறுப்புக் கோடு ஓடினால், மின்சாரம் வெளிவழியாகக் கசிந்திருக்கிறது. அப்போது பிளக்கோடு அதன் மேல் உள்ள ரப்பர் பூட்டையும் மாற்ற வேண்டும். முனை இடைவெளி வண்டியின் கையேட்டில் உள்ள அளவில் இருக்கிறதா என்று கேஜ் வைத்துப் பார்ப்பது அவசியம்.

கார்புரேட்டர் காலத்து வண்டிக்கு ஸ்கேனர் கிடையாது. இரவில் விளக்கை அணைத்து, ஓடும் இன்ஜினின் பிளக் ஒயர்களைத் தள்ளி நின்று பாருங்கள். நீலப் பொறி துள்ளும் இடத்தில் இன்சுலேஷன் போய்விட்டது. கையால் தொடக் கூடாது, ஷாக் பலமாக அடிக்கும்.

எல்லா சிலிண்டரிலும் மாறி மாறி மிஸ்ஸிங் வந்தால் எரிபொருள் பக்கம் போக வேண்டும். பெட்ரோல் ஃபில்டரைப் பார்த்துவிட்டு, லைனில் கேஜ் மாட்டி அழுத்தம் அளக்க வேண்டும். ஐடிலில் சரியான அளவு காட்டி, மிதிக்கும்போது முள் இறங்கினால் பம்ப் அல்லது ஃபில்டர்.

இதற்கும் மசியவில்லை என்றால்...

கடைசியாக கம்ப்ரஷன் சோதனை. ஒரு சிலிண்டர் மட்டும் மற்றவற்றைவிடக் கணிசமாகக் குறைவாகக் காட்டினால், அதில் ஒரு டீஸ்பூன் இன்ஜின் ஆயில் விட்டு மறுபடி அளப்பார்கள். அளவு ஏறினால் பிஸ்டன் ரிங் தேய்ந்திருக்கிறது. ஏறாவிட்டால் வால்வு அல்லது ஹெட் கேஸ்கட். வெகுகாலம் சிஎன்ஜியில் ஓடிய வண்டியில் வால்வு சீட் தேய்ந்து கிளியரன்ஸ் குறைவது வழக்கம். சில நேரம் கிளியரன்ஸ் சரிசெய்தாலே போதும், இன்ஜினைப் பிரிக்க வேண்டியதில்லை.

டீசல் வண்டிக்குக் கணக்கு வேறு

டீசல் இன்ஜினில் தீப்பொறி கிடையாது. அதில் இருக்கும் ஹீட்டர் பிளக் முக்கியமாகக் குளிரில் ஸ்டார்ட் செய்யத்தான். எனவே லோடில் மிஸ்ஸிங் என்றால் டீசல் ஃபில்டர், அதில் தேங்கிய தண்ணீர், லைனில் புகுந்த காற்று, நாசில் என்ற வரிசையில் தேட வேண்டும்.

புகையும் பேசும். கறுப்புப் புகை என்றால் காற்று போதவில்லை. ஏர் ஃபில்டர் அடைப்பு, டர்போ ஹோஸ் கிழிசல், நாசில் ஒழுகல் இவற்றில் ஒன்று. வெள்ளைப் புகை என்றால் டீசல் எரியாமல் வெளியேறுகிறது. நீலப் புகை என்றால் ஆயில் எரிகிறது.

பழைய மெக்கானிக்கல் பம்ப் வண்டியில், ஐடிலில் நாசில் பைப் நட்டை ஒவ்வொன்றாகத் தளர்த்தி, எதில் சத்தம் மாறவில்லையோ அதுதான் செத்த சிலிண்டர் என்று மெக்கானிக்குகள் கண்டுபிடிப்பார்கள். காமன் ரெயில் டீசலில் இதைச் செய்யவே கூடாது. கார் டயரில் இருப்பது சுமார் 2 பார் அழுத்தம். காமன் ரெயிலில் லோடின்போது அது 1,000 பாரைத் தாண்டும். பீறிடும் டீசல் தோலைத் துளைத்து உள்ளே போய்விடும். வெளியே ஊசி குத்தியது போலத்தான் தெரியும், ஆனால் உடனே அறுவை சிகிச்சை செய்யாவிட்டால் விரலையே இழக்க நேரிடலாம். அப்படி நடந்தால் வலி இல்லையென்றாலும் நேராக மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

“ரெண்டு நாள் ஓட்டிட்டு பாத்துக்கலாம்”... சரியா?

பெட்ரோல் வண்டியில் இன்ஜின் விளக்கு நிலையாக எரிந்தால் மெதுவாக ஓட்டிப் பட்டறைக்குப் போகலாம். விட்டுவிட்டு மின்னினால் ஆக்ஸிலரேட்டரைக் குறைத்து ஓரம் கட்டுங்கள். எரியாத பெட்ரோல் சைலன்சர் லைனில் உள்ள கேட்டலிடிக் கன்வெர்ட்டருக்குள் போய் எரிந்து, அதை உருக்கிவிடும். சில நூறு ரூபாய் பிளக்கில் முடிய வேண்டியது பல ஆயிரம் ரூபாய் செலவாகும். பழுக்கக் காய்ந்த கன்வெர்ட்டருக்குக் கீழே காய்ந்த புல்லோ வைக்கோலோ இருந்தால் தீப்பிடிக்கும் அபாயமும் உண்டு.

இரண்டு வழிச் சாலையில் லோடோடு ஓவர்டேக் செய்யும்போது இன்ஜின் கைவிட்டால் என்ன ஆகும் என்பதையும் யோசிக்க வேண்டும். சரிசெய்யும்வரை ஓவர்டேக்கையும், மலைப்பாதை லோடையும் தவிர்ப்பதே நல்லது.

பட்டறைக்குப் போகும்போது “மிஸ்ஸிங் அடிக்குது” என்று மட்டும் சொல்லாமல், எந்த கியரில், எவ்வளவு லோடில், சூடாகவா குளிர்ச்சியாகவா, எந்த எரிபொருளில், என்ன கோடு என்று எழுதிக் கொடுங்கள். கழற்றிய பாகத்தைத் திரும்பக் கேட்டு வாங்குங்கள். புதுப் பாகம் போட்டதும் முன்பு மிஸ்ஸிங் வந்த அதே லோடில் ஓட்டிப் பார்த்த பிறகே அடுத்த பாகத்துக்குச் சம்மதியுங்கள். வெறும் வண்டியை வாசலில் ரேஸ் செய்து காட்டினால், இந்தக் கோளாறு சரியாகிவிட்டதா என்று தெரியவே தெரியாது.